டேட்டாபேஸ் பேக்கப்பை நெட்வொர்க்கில் அனுப்ப ரோபோகாப்பி: எங்கே சிக்கும், எப்படிச் சரிசெய்வது

விண்டோஸ் சர்வரில் எடுத்த டேட்டாபேஸ் பேக்கப் ஒவ்வொரு இரவும் இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர வேண்டும். இதற்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை, ஃபைல்களை நகலெடுக்கும் ரோபோகாப்பி கட்டளை போதும். விண்டோஸ் என்.டி. காலத்தில் ரிசோர்ஸ் கிட்டில் தனியாகக் கிடைத்த கருவி இது. விஸ்டாவிலிருந்து விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. பெரிய ஃபைலைக் கொண்டுசேர்க்கும் வேலைக்கு 5-க்கு 5 தாராளமாகக் கொடுக்கலாம். அதன் டிஃபால்ட் அமைப்புகளுக்கு 2-க்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

ஒரு ஃபைலை நகலெடுக்க முடியாவிட்டால் ரோபோகாப்பி 30 விநாடி காத்திருந்து மறுபடி முயலும். எத்தனை முறை? பத்து லட்சம் முறை. கணக்குப் போட்டால் 3 கோடி விநாடி, ஏறக்குறைய 347 நாள். இரவு 2 மணிக்கு ஒரே ஒரு ஃபைல் பூட்டிக் கிடந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரின் டிஃபால்ட்படி, முந்தைய ஓட்டம் முடியாமல் புதியது தொடங்காது. ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்துவதும் 3 நாள் கழித்துத்தான். ஆக, பூட்டு காலையிலேயே விலகாவிட்டால் அடுத்தடுத்த இரவுகளின் பேக்கப்பும் போகாது, பிழைச் செய்தியும் வராது. ‘/ஆர்:3 /டபிள்யூ:10’ (3 முறை மட்டும், 10 விநாடி இடைவெளியில் மறுபடி முயல்) என்று எழுதாத ரோபோகாப்பி வரி எந்த ஸ்கிரிப்டிலும் இருக்கக் கூடாது.

அடுத்தது எக்ஸிட் கோட், அதாவது நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் எண். மற்ற நிரல்களில் 0 என்றால் வெற்றி, வேறு எதுவானாலும் தோல்வி. இங்கே 0 என்றால் நகலெடுக்க எதுவும் இல்லை, 1 என்றால் ஃபைல்கள் நல்லபடி போய்ச் சேர்ந்தன. 2 வந்தால் போகுமிடத்தில் கூடுதல் ஃபைல் இருக்கிறது, 4 வந்தால் பொருந்தாதது ஏதோ இருக்கிறது. இவை கூட்டலாகவும் வரும், 3 என்பது 1-உம் 2-உம் சேர்ந்தது. 8 வந்தால்தான் சில ஃபைல்கள் போகவில்லை என்று பொருள், 16 என்றால் வேலையே நடக்கவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்.க்யூ.எல். சர்வரில் ஜாப்களை ஓட்டும் ஏஜென்ட்டின் கட்டளை ஸ்டெப்புக்கு இது தெரியாது. வெற்றிகரமான 1-ஐப் பார்த்ததும் ஜாப் தோற்றது என்று சிவப்புக் குறி போடும். ரோபோகாப்பி வரிக்கு நேர் கீழே ‘இஃப் எர்ரர்லெவல் 8 எக்ஸிட் /பி 1’, அதற்கடுத்து ‘எக்ஸிட் /பி 0’ என இரண்டு வரி போட்டால் தீர்ந்தது. ‘எர்ரர்லெவல் 8’ என்பது 8-ஐயும் அதற்கு மேல் உள்ளவற்றையும் குறிக்கும் என்பதால் 16-உம் இதிலேயே அடங்கிவிடும். நடுவில் வேறு கட்டளையை நுழைத்தால் அதன் கோட் இதை அழித்துவிடக்கூடும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, ஷெட்யூலரில் ஓடவில்லை. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், பதில் லாக்கில் உள்ள பிழை எண்ணில் இருக்கும். பிழை 3 வந்தால், மேப் செய்த (நெட்வொர்க் ஃபோல்டருக்கு எழுத்துக் கொடுத்த) இசட் டிரைவை ஸ்கிரிப்டில் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். டிரைவ் எழுத்து லாகின் செய்தவரின் அமர்வுக்கு மட்டுமே உரியது. இரட்டை பின்சாய்கோட்டில் தொடங்கும் முழு ஷேர் பாதையைக் கொடுங்கள். பிழை 53 என்றால் அந்தக் கம்ப்யூட்டரையே எட்ட முடியவில்லை. பெயர், ஃபயர்வால், ஃபைல் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட் மூன்றையும் சரிபாருங்கள். 1326 என்றால் யூசர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு.

அனுமதி இல்லை என்னும் பிழை 5-இல்தான் நிறையப் பேர் நாள்கணக்கில் தவிக்கிறார்கள். ஸ்கிரிப்ட் எந்த அக்கவுண்ட்டில் ஓடுகிறது என்பதே கேள்வி. ஸ்கிரிப்டின் முதல் வரியில் ‘ஹூஅம்ஐ’ கட்டளையைப் போட்டு விடையை லாக்கில் சேருங்கள். சிஸ்டம் அக்கவுண்ட்டோ, எஸ்.க்யூ.எல். சர்வரின் டிஃபால்ட் சர்வீஸ் அக்கவுண்ட்டோ என்றால், டொமைனில் (அலுவலகக் கம்ப்யூட்டர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பில்) அது கம்ப்யூட்டரின் பெயரும் டாலர் குறியும் சேர்ந்த அக்கவுண்ட்டாக வெளியே போகும். அந்தப் பெயருக்கு ஷேர் பர்மிஷன், ஃபோல்டர் பர்மிஷன் இரண்டும் வேண்டும், ஒன்று மட்டும் பத்தாது. டொமைன் இல்லாத சிறிய அலுவலகங்களில் இந்த வழி செல்லாது. இரு கம்ப்யூட்டரிலும் ஒரே பெயரும் ஒரே பாஸ்வேர்டும் உள்ள தனி யூசரை உருவாக்கி, டாஸ்க்கை அதன் பெயரில் ஓட்டுங்கள். பாஸ்வேர்டைச் சேமிக்க வேண்டாம் என்ற கட்டத்தை டிக் செய்யாதீர்கள். அது இருந்தால் டாஸ்க்குக்கு நெட்வொர்க்கே கிடைக்காது.

பாஸ்வேர்டு இல்லாத பழைய நாஸ் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்பு) பெட்டிக்கு நகலெடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, ப்ரோவிலும் கெஸ்ட் (பாஸ்வேர்டு இல்லாத) நுழைவை டிஃபால்ட்டாக மறுக்கிறது. அந்தத் தடையை நீக்குவதைவிட நாஸில் ஒரு யூசர் போடுவதே பாதுகாப்பு.

பிழை 32 வேறு ரகம். ஃபைலை வேறொரு நிரல் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். எஸ்.க்யூ.எல். சர்வர் ஓடும்போது அதன் டேட்டாவும் லாக்கும் இருக்கும் எம்.டி.எஃப்., எல்.டி.எஃப். ஃபைல்களை நகலெடுக்கப் பார்த்தால் இதுதான் வரும், வருவதும் நல்லதே. சர்வீஸை நிறுத்தி நகலெடுக்கும் ஸ்கிரிப்டுகளை இன்னும் பார்க்க முடிகிறது, அது வேண்டாம். செக்சம்மோடு (பிழையைக் கண்டறியும் சரிபார்ப்பு எண்) பேக்கப் கட்டளை கொடுத்து, கிடைக்கும் பேக் ஃபைலை உள்ளூர் டிஸ்க்கில் எடுங்கள், அதை மட்டும் ரோபோகாப்பியிடம் கொடுங்கள். டேட்டாபேஸை ஒரே ஃபைலில் வைக்கும் ஆக்சஸிலும் எஸ்.க்யூ.லைட்டிலும் ஆபத்து இன்னும் அதிகம். திறந்திருக்கும்போதே பிழையின்றி நகல் எடுபடும், ஆனால் பாதி எழுதிய நிலையில் இருக்கலாம். ஆக்சஸ் என்றால் பக்கத்தில் எல்.ஏ.சி.சி.டி.பி. பூட்டு ஃபைல் இருக்கும்வரை நகலெடுக்காதீர்கள். எஸ்.க்யூ.லைட்டுக்கு அதன் சொந்த பேக்கப் கட்டளையோ 3.27 முதல் உள்ள ‘வேக்யூம் இன்டு’வோ சரியான வழி.

வேகத்துக்கு, இடைநினைவகத்தைத் தவிர்த்துப் பெரிய ஃபைலை அனுப்பும் ‘/ஜே’ போதும். ‘/எம்டி’ பல ஃபைல்களை ஒரே நேரத்தில் அனுப்பும், ஒரே பெரிய ஃபைலை அது வேகப்படுத்தாது. அறுந்த இடத்திலிருந்து தொடரும் ‘/இசட்’ வேகத்தைக் குறைக்கும், அடிக்கடி அறுந்துபோகும் வி.பி.என். இணைப்பில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோள் குறிக்குள் ஃபோல்டர் பாதையைப் பின்சாய்கோட்டில் முடிக்காதீர்கள். அது மூடும் குறியை விழுங்கிவிடும், மொத்த வரியும் குழம்பும்.

போகுமிடத்தை மூலத்தைப் போலவே ஆக்கும் ‘/எம்ஐஆர்’ பேக்கப்புக்கு ஏற்றதே அல்ல. மூல ஃபோல்டர் காலியானால் போகுமிடத்தையும் காலி செய்துவிடும். ‘/மேக்ஸ்ஏஜ்:2’ போட்டுக் கடைசி 2 நாளின் ஃபைல்களை மட்டும் அனுப்புங்கள், பழையவற்றை நீக்க வேறு ஸ்கிரிப்ட் வையுங்கள். எதை மாற்றினாலும் முதலில் ‘/எல்’ சேர்த்து ஓட்டினால், ஒன்றையும் தொடாமல் பட்டியல் மட்டும் காட்டும்.

போய்ச்சேர்ந்த ஃபைலின் உள்ளடக்கத்தை ரோபோகாப்பி ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. இருபுறமும் விண்டோஸின் செர்ட்யூட்டில் கட்டளையில் ஷா256 ஹாஷ் (ஃபைலின் கைரேகை போன்ற குறியீடு) எடுத்து ஒப்பிடுங்கள். பிறகு இரண்டாவது மெஷினில் பேக்கப்பைப் படிக்க முடிகிறதா என்று பார்க்கும் ‘ரீஸ்டோர் வெரிஃபைஒன்லி’ ஓட்டுங்கள், அவ்வப்போது முழுதாக ரீஸ்டோர் செய்து டேட்டாபேஸ் சிதையாமல் இருக்கிறதா என்று செக்டிபி கட்டளையில் பாருங்கள். அங்கே எஸ்.க்யூ.எல். சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு என்றால் 2022 வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜி.பி.தான் எல்லை. புதிய பதிப்பில் எடுத்த பேக்கப் பழைய பதிப்பில் ஏறவும் ஏறாது.