பழத்தில் ஒட்டியிருந்த 94131-ஐ நம்பி 1,320 ரூபாய் ஏமாந்தேன்

நேற்று முன்தினம் என் தங்கைக்கு வளைகாப்பு. தட்டுகளில் வைப்பதற்காக, மதுரையில் எங்கள் வீட்டுப் பக்கமுள்ள குளிரூட்டப்பட்ட பல்பொருள் அங்காடி ஒன்றில் 3,180 ரூபாய்க்குப் பழம் வாங்கினேன். அதே கடையில், இரண்டடி தள்ளியிருந்த சாதாரண வரிசையில் எடுத்திருந்தால் 1,860 ரூபாய்தான் ஆகியிருக்கும். மீதி 1,320 ரூபாய் ‘ஆர்கானிக்’ என்ற சொல்லுக்கும், பழத்தில் ஒட்டியிருந்த ஐந்து இலக்க எண்ணுக்கும் நான் அழுத தண்டம்.

ஒன்றும் தெரியாமல் ஏமாந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். எனக்கு அந்த எண்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்பதுதான் வேதனை. தராசில் நிறுத்து விலை போடுகிறவர், இது எந்தப் பழம், எந்த ரகம், என்ன அளவு என்று குழம்பாமல் இருப்பதற்காக 1990 முதல் வெளிநாட்டு அங்காடிகளில் பயன்பட்டு வரும் எண்கள் அவை. நான்கு இலக்கம் இருந்தால் வழக்கமான முறையில் விளைந்தது. அதே எண்ணுக்கு முன்னால் 9 சேர்ந்து ஐந்து இலக்கமானால் இயற்கை முறையில் விளைந்தது. பெரிய ஃபியூஜி ஆப்பிள் 4131 என்றால், இயற்கை முறையில் விளைந்த அதே ஆப்பிள் 94131. கர்ப்பிணி சாப்பிடப் போகிற பழம் என்பதால், அங்கிருந்த ஊழியரிடம் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டேன். அவர் ஒரு ஆப்பிளை என் கையில் கொடுத்து, “நீங்களே நம்பரைப் பாருங்க மேடம், ஒன்பதுலதான ஆரம்பிக்குது” என்றார். படித்தவள் என்ற பெருமிதத்தோடு தலையை ஆட்டினேன். கிலோ 420 ரூபாய் வீதம் நான்கு கிலோ ஆப்பிள், 340 வீதம் மூன்று கிலோ பேரிக்காய், ஒன்று 40 ரூபாய் என்று ஒரு டஜன் கிவி. அண்ணா நகர் உழவர் சந்தையில் கொய்யாவும் வாழைப்பழமும் வாங்கினால் போதாதா என்று கேட்ட அம்மாவுக்கு, 9 என்ற எண்ணின் மகிமையை வீட்டுக்கு வந்து விளக்கியதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

தட்டு அடுக்கும்போது, மாட்டுத்தாவணிப் பழமண்டியில் பல வருடம் கணக்கு எழுதிய எங்கள் சித்தப்பாதான் கவனித்தார். “ஏம்மா, ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் ஒரே நம்பரா?” என்றார். எடுத்துப் பார்த்தால் ஆப்பிளிலும் 94131, பேரிக்காயிலும் 94131, கிவியிலும் 94131. பார்ட்லெட் ரகப் பேரிக்காய்க்கு 4409, கிவிக்கு 4030 என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருக்கும்போது, மூன்று பழத்துக்கும் ஒரே எண் எப்படி வரும்? ஒரு சுருள் ஸ்டிக்கரை அடித்து வைத்துக்கொண்டு, கைக்கு அகப்பட்ட பழத்தில் எல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு ஆப்பிளில் ஸ்டிக்கரைப் பிரித்தபோது அடியில் அழுகல் வேறு. அழுகலையும் அடிபட்ட இடத்தையும் மறைக்க ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-லேயே எச்சரித்திருந்தது. அதை நான் பழம் வாங்கிய பிறகுதான் படித்தேன்.

மறுநாள் காலையில் பழத்தையும் பில்லையும் எடுத்துக்கொண்டு போனேன். கல்லாவில் இருந்தவர் மேலாளரைப் பாருங்கள் என்றார். நாற்பது நிமிடம் கழித்து வந்த மேலாளர், ஸ்டிக்கர் ஒட்டுவது தாங்கள் அல்ல, சரக்கு அனுப்புகிறவர்கள் என்றார். அனுப்புகிறவர் யார் என்று கேட்டதற்கு, அது தலைமை அலுவலகத்துக்குத்தான் தெரியும் என்றார். அவர் கொடுத்த எண்ணில் பேசினால், பழ வகைகளைத் திரும்பப் பெறுவதில்லை என்று ஒரு பெண் குரல் மனப்பாடமாக ஒப்பித்தது. பழத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லவில்லை, பொய் சொல்லி வாங்கிய 1,320 ரூபாயைத்தான் கேட்கிறேன் என்றேன், இணைப்பு துண்டிக்கப்பட்டது. மேலாளரோ, “1,320 ரூபாய்க்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இன்னும் அடங்காமல் எரிகிறது. பில்லை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். ‘ஆப்பிள் இம்போர்ட்டட்’, ‘பேரிக்காய்’, ‘கிவி’ என்று மட்டுமே இருந்தது. ஆர்கானிக் என்ற சொல் எங்குமே இல்லை.

ஸ்டிக்கர் எண்களைப் படிப்பது எப்படி என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமையில்லை. ஒட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லாத அந்த எண்ணை, அச்சு இயந்திரம் வைத்திருக்கும் எவரும் அடித்துவிடலாம். அதை நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். வெவ்வேறு பழங்களில் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். இயற்கை விளைபொருள் என்று விற்றால் ‘ஜைவிக் பாரத்’ முத்திரையும் சான்றும் எங்கே என்று கேளுங்கள். பில்லிலும் அந்தச் சொல்லை எழுதித் தரச் சொல்லுங்கள். 8-இல் தொடங்கினால் மரபணு மாற்றிய பழம் என்று சுற்றும் வாட்ஸ்அப் செய்தியையும் நம்ப வேண்டாம். அதற்கென ஒதுக்கிய அந்த எண் கடைகளில் அப்படிப் புழக்கத்துக்கே வரவில்லை.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் இன்று காலை புகார் பதிவு செய்துவிட்டேன். ஆப்பிள் ஒன்று, பேரிக்காய் ஒன்று, கிவி ஒன்று என்று மூன்றை மட்டும் ஸ்டிக்கர் பிரிக்காமல் குளிர்பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன். யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.