டெல்லிக் குளிரில் கேஸ் ஃபயர்பிளேஸ்: இணைப்பில் கவனிக்க வேண்டியவை

டெல்லியில் ஜனவரி இரவுகளில் 4, 5 டிகிரி வரை இறங்கிவிடும். திருச்சியிலிருந்து வந்து எங்களோடு தங்கிவிட்ட மாமியாருக்காகத்தான் மயூர் விஹார் வீட்டு ஹாலில் கேஸ் ஃபயர்பிளேஸ் வைத்தோம். சில குளிர்காலங்கள் ஓடிவிட்டன. சூடு நன்றாக இருக்கிறது, கரண்ட் போனாலும் எரிகிறது. வாங்க நினைப்பவர்கள் மாடலைப் பற்றியே கேட்கிறார்கள். சுவர் வால்வுக்கும் ஃபயர்பிளேஸுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இணைப்புக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும் என்பேன்.

சமையலறைக்கு வரும் குழாய் கேஸிலிருந்து ஹாலுக்கு ஒரு பாயின்ட் எடுக்க கேஸ் கம்பெனியிடமே விண்ணப்பித்தோம். தெருமுனை பிளம்பர் பாதிச் செலவில் முடிப்பதாகச் சொன்னாலும் அந்தப் பைப்பில் வெளியாள் கை வைக்கக் கூடாது. இன்னொன்று, கடையில் இருக்கும் ஃபயர்பிளேஸ் சிலிண்டர் கேஸுக்கான ஜெட்டுடன், அதாவது பர்னருக்குள் கேஸ் பீய்ச்சும் சின்னத் துளையுள்ள முனையுடன் வரலாம். சிலிண்டர் கேஸ் சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் வருவது, குழாய் கேஸ் 21. ஒரே அளவு கேஸில் சிலிண்டர் கேஸுக்குச் சூடும் இரண்டு மடங்குக்கு மேல். அதனால் ஜெட்டின் துளை அளவே வேறு. மாற்றாமல் பொருத்தினால் தீ சரியாக எரியாது. மாற்றியதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் குழாய் வேலை பார்த்துப் பழகியவர்கள் எல்லா மூட்டிலும் டெஃப்லான் டேப் சுற்றிவிடுவார்கள். செப்புக் குழாயின் வாயை விரித்து இறுக்கும் மூட்டில் அது தேவையில்லை, அங்கே உலோகமும் உலோகமும் படிந்துதான் கசிவை அடைக்கும். மரை உள்ள மூட்டில் கேஸுக்கான டேப்பே வேண்டும். ரப்பர் ஹோஸை ஃபயர்பிளேஸுக்குப் பின்னால் ஒளித்து வைக்க நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சூட்டில் அது இறுகி வெடிப்பு விடும், எலி கடித்தாலும் கண்ணில் படாது. சுவருக்குள் ஹோஸ் போகவே கூடாது. கடைசிவரை செப்புக் குழாய், உட்கார்ந்தபடியே கை எட்டும் இடத்தில் ஒரு வால்வு. அவ்வளவுதான்.

இணைத்தபின் சோப்பு நுரை தடவிப் பார்த்தார்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கத்தை எல்லோரும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதற்கப்புறம், வீட்டில் எல்லா பர்னரையும் அணைத்து மீட்டரின் கடைசி எண் நகர்கிறதா என்று கொஞ்ச நேரம் கவனியுங்கள். நகர்ந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். சமையலறை அடுப்பு முழுதையும் ஃபயர்பிளேஸையும் ஒன்றாக எரித்தும் பார்க்க வேண்டும். அப்போது தீ சுருங்கினால் பைப்பின் அளவு போதவில்லை.

அடுப்பில் தீ மஞ்சளானால் கோளாறு என்று நமக்குத் தெரியும். கட்டை எரிவது போலத் தெரியும் ஃபயர்பிளேஸில் மஞ்சள் தீ வேண்டுமென்றே வைப்பது. அதனால் நிறத்தை நம்பாமல், கண்ணாடியில் கரி படிகிறதா என்று பார்க்கிறேன். நாங்கள் வாங்கியது கண்ணாடி மூடியது, வெளிக்காற்றை இழுத்துப் புகையை வெளியே தள்ளும் இரட்டைக் குழாய் உள்ளது. குளிரும் புகைமூட்டமும் உள்ளே வராமல் டெல்லியில் கதவிடுக்கில் துணி திணிப்போம். அப்படி அடைத்த வீட்டில் புகைக்குழாய் இல்லாத ஹீட்டரை எரித்தால் வாடையே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு சேர்ந்து ஆளையே கொன்றுவிடும். தனியாக ஒரு கார்பன் மோனாக்ஸைடு அலாரமும் மாட்டியிருக்கிறோம். கேஸ் கசிவு அலாரம் வேறு. குழாய் கேஸ் மேலே ஏறும் என்பதால் அதைக் கூரையை ஒட்டி வைக்க வேண்டும், சிலிண்டர் கேஸ் என்றால் தரையை ஒட்டி.

மார்ச்சில் வால்வை மூடிவிடுகிறோம். நவம்பரில் திறக்கும் முன் ஆள் வந்து பர்னரைச் சுத்தம் செய்வார். சிலந்தி வலை கட்டினால் காற்று நுழையும் வழி அடைந்துவிடும்.

சொந்த வீடும், வெளிச்சுவரை ஒட்டிய ஹாலும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். சுவரைத் துளைக்க அனுமதி கிடைக்காது, அது இல்லாமல் பொருத்த வழியும் இல்லை.