ஷோத்கங்கா: ஆய்வேடு போய்ச் சேரும் இடம்

ஷோத்கங்கா என்பது இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் இணையதளம். ஆய்வாளருக்கு இந்தத் தளம் இரண்டு சமயங்களில் தேவைப்படும்: தலைப்பு முடிவு செய்யும்போதும், பட்டம் கைக்கு வருமுன்பும். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் இதை நடத்துகிறது. கட்டணம் இல்லை, படிக்க, இறக்கிக்கொள்ளக் கணக்கும் தொடங்க வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைப்படி, மதிப்பீடு முடிந்து பட்டத்தை அறிவிப்பதற்கு முன் ஆய்வேட்டின் மென்படியைப் பல்கலைக்கழகம் இந்த மையத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

படிப்பவருக்கு இது பெரிய புதையல். பதிவு செய்யப்போகும் துறையில் யார் எதை முடித்திருக்கிறார்கள், நெறியாளரிடம் முன்பு படித்தவர்கள் எந்த அளவில் எழுதியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். தலைப்பைத் தட்டித் தேடுவதை விட நெறியாளர் பெயரில் தேடுவதே அதிகப் பலன் தரும். ஆய்வேடு ஒரே கோப்பாக வராது. இயல் இயலாகப் பிரிந்திருக்கும். முழுவதையும் இறக்க ஒவ்வொன்றாக அழுத்த வேண்டியிருப்பது சலிப்பூட்டும் வேலைதான். அவசரத்தில் இருப்பவர்கள் 80 என்ற எண்ணில் தொடங்கும் கோப்பை முதலில் திறக்கலாம். தலைப்புப் பக்கமும் முடிவுரையும் அதில்தான் இருக்கும். இன்னும் முடியாத ஆய்வுகளின் சுருக்கங்களுக்கு ஷோத்கங்கோத்ரி என்ற தனித் தளம் உண்டு. தலைப்பு மோதலைத் தவிர்க்க அதையும் பார்க்க வேண்டும்; பலர் பார்ப்பதில்லை.

குறை என்றால் தமிழ் ஆய்வேடுகள்தான், அது மனத்தை வருத்துகிறது. ஒரு தலைப்பு தமிழ் எழுத்தில் இருக்கும், இன்னொன்று ரோமன் எழுத்தில், மற்றொன்று ஆங்கில மொழிபெயர்ப்பில். மூன்று விதமாகவும் தேடினால்தான் நம்பலாம். உள்ளே போனால் பழைய ஆய்வேடுகள் வருடிய (ஸ்கேன் செய்த) படங்களாகவோ பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலோ இருக்கின்றன. பாமினியில் இருப்பது கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். உள்ளே ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது. ஐந்தாறு ஆண்டு உழைப்பு யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. இதைத் தளத்தின் குறை என்று மட்டும் சொல்ல முடியாது. கொடுத்த கோப்பைத்தான் அது காட்டுகிறது.

ஆகவே இப்போது எழுதுகிறவர்கள் முதல் இயலிலிருந்தே, கணினி தமிழைத் தமிழாகவே அறியும் யுனிகோடு முறையில் தட்டச்சு செய்யுங்கள். கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் மாற்றும் மென்பொருள் ஒற்றெழுத்துகளையும் மேற்கோள் குறிகளையும் குழப்பும். நூற்றுக்கணக்கான பக்கங்களை மறுபடியும் மெய்ப்புப் பார்க்க வேண்டிவரும். பிடிஎஃப் ஆக்கிய பிறகு ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால், அச்சு கட்டளை வழியாகப் போகாமல் வேர்டிலேயே பிடிஎஃப் ஆகச் சேமித்து, மறுபடி சோதிக்கலாம். அப்படியும் சரியாகாவிட்டால் எழுத்துருவை மாற்றுவதே வழி.

ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருளால் பார்க்கும் ஒப்புமைச் சோதனைக்கும் இதுவே அடிப்படை. பாமினியில் இருக்கும் ஆய்வேட்டுக்கு ஒப்புமை மிகக் குறைவு என்று வரும் அறிக்கைக்கு மதிப்பே இல்லை, மென்பொருள் அதைத் தமிழாகப் படிக்கவே இல்லை. யுஜிசியின் 2018 விதிமுறைப்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை போனால் 6 மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். முறையாகச் சான்று காட்டிய மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை ஆகியவை கணக்கில் வரா. இவற்றை நீக்கிய பிறகு எடுத்த அறிக்கைதானா என்று நூலகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோப்புகளைத் தயார்செய்வதில்தான் கடைசி நேரத் தாமதம் நேர்கிறது. தலைப்புப் பக்கம் 01, முன்பக்கங்கள் 02, பொருளடக்கம் 03, சுருக்கம் 04, பிறகு இயல்கள் என்று வரிசையாகப் பெயரிட வேண்டும். கடவுச்சொல் போட்ட பிடிஎஃப் கூடாது. வாய்மொழித் தேர்வில் சொன்ன திருத்தங்கள் ஏறிய பிரதிதான் போக வேண்டும். பழைய பிரதியைக் குறுவட்டில் (சிடி) எழுதிக் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. நெறியாளர் பெயரின் முன்னெழுத்தும் குறிச்சொற்களும் பதிவேற்றுபவர் தட்டுவதுபோலத்தான் நிற்கும் என்பதால், குறிச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து கோப்போடு கொடுத்துவிடுங்கள்.

பதிவேறியதும் 10603 என்று தொடங்கும் நிலையான ஹேண்டில் முகவரி கிடைக்கும். மேற்கோள் காட்டும்போது உலாவியில் தெரியும் நீண்ட முகவரியை விட்டுவிட்டு இதையே தர வேண்டும். ஒவ்வொரு இயலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பக்கம் விடுபட்டிருந்தால் உடனே பல்கலைக்கழக நூலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். மாற்றிப் போடுவது அவர்கள் கையில்தான் இருக்கிறது.