ஹனோவரின் இரத்தமா, வாஷிங்டனின் வாக்கா?

அடுத்து ஆளப்போவது யார் என்ற கேள்வியில் 1701-இல் இங்கிலாந்து தவித்தது. சரியாக நூறாண்டு கழித்து அமெரிக்கா தவித்தது.

இங்கிலாந்தின் கதை பரிதாபமானது. பட்டத்துக்குரிய ஆன் 17 முறை கருவுற்றும் பிள்ளை தங்கவில்லை. பிழைத்திருந்த ஒரே மகனும் 11 வயதில், 1700-இல் இறந்தான். கத்தோலிக்கர் அரியணை ஏறக் கூடாது, முன்னாள் மன்னர் முதலாம் ஜேம்ஸின் பேத்தியும் ஜெர்மனியின் ஹனோவர் அரச குடும்பத்தவருமான சோஃபியாவுக்கும் அவர் வழியினருக்குமே முடி என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. இரத்த உறவில் அவரைவிட நெருங்கிய ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஒரே கையெழுத்தில் ஒதுக்கப்பட்டார்கள். பிறப்புரிமை என்று பெயர். பொறுக்கி எடுத்தது என்னவோ நாடாளுமன்றம்! சோஃபியாவுக்கும் கொடுத்துவைக்கவில்லை. 1714 ஜூனில், 83 வயதில் அவர் இறக்க, ஆகஸ்டில் ஆன் இறந்தார். முடி மகன் ஜார்ஜுக்குப் போனது.

அமெரிக்காவில் கோளாறு விதியிலேயே இருந்தது. மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. எது அதிபருக்கு, எது துணை அதிபருக்கு என்ற பிரிவு கிடையாது. 1796-இல் ஜான் ஆடம்ஸ் அதிபராக, அவரை எதிர்த்து நின்ற ஜெபர்சனே துணை அதிபரானார். 1800 தேர்தலில் ஜெபர்சனுக்கும் அவருடைய கட்சிக்காரரான ஆரன் பர்ருக்கும் ஆளுக்கு 73 வாக்குகள். முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. மாநிலத்துக்கு ஒரு வாக்கு. பதினாறில் ஒன்பது வேண்டும். 1801 பிப்ரவரி 11-இல் தொடங்கி 35 சுற்றுகள் இழுபறி. அதுவரை பர்ருக்கே வாக்களித்துவந்த, டெலவேர் மாநிலத்தின் ஒரே உறுப்பினரான பேயார்ட் பிடியைத் தளர்த்திய பிறகு, 17-ஆம் தேதி 36-ஆவது சுற்றில் ஜெபர்சன் வென்றார்.

அசிங்கமான வழிதான். ஆனாலும் என் வாக்கு அமெரிக்க முறைக்கே. தோற்ற ஆடம்ஸின் உரிமை அத்தோடு முடிந்தது. வாரிசு உரிமைக்கு அப்படிக் காலாவதி இல்லை. கத்தோலிக்கர் என்று ஒதுக்கப்பட்ட ஸ்டூவர்ட் அரச குடும்பக் கிளைக்காக 1715-இலும் 1745-இலும் கிளர்ச்சி வெடித்தது. 1746-இல் ஸ்காட்லாந்தின் கல்லோடன் போர்க்களத்தில் இரத்தம் சிந்திய பிறகே அது அடங்கியது. அமெரிக்காவோ 1804-இல் ஒரு திருத்தத்தால் வாக்குகளைப் பிரித்து ஓட்டையை அடைத்துவிட்டது.

வாரிசு ஆசை மட்டும் அங்கே வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆடம்ஸின் மகன் ஜான் குவின்சி 1825-இல் அதிபரானார், அதுவும் பிரதிநிதிகள் சபை வாக்கால். தனக்கு அடுத்தவரின் பதவியேற்பைக் காணாமல் தந்தை 1801-இல் விடியுமுன்னே ஊரைவிட்டுக் கிளம்பியிருந்தார். 1829-இல் ஜாக்சன் பதவியேற்றபோது மகனும் அந்தப் பக்கம் போகவில்லை.