தீபாவளிக்கு ஒரு நாள் லீவு: முதல் நாளா, மறுநாளா?

சிங்கப்பூரில் தீபாவளிக்குப் பொது விடுமுறை ஒரே நாள். அதோடு சொந்த லீவில் ஒரு நாளைச் சேர்க்கத்தான் பல வீடுகளால் முடிகிறது. வேலைச் சட்டப்படி முதல் ஆண்டில் குறைந்தபட்ச லீவு 7 நாள். ஆண்டுக்கு ஒன்றாகக் கூடி எட்டாம் ஆண்டில்தான் 14. பொங்கலுக்கு விடுமுறை கிடையாது. தைப்பூசமும் 1968இல் விடுமுறைப் பட்டியலிலிருந்து போய்விட்டதால், காவடி, பால்குடம் எடுப்பவர்கள் அதற்கும் லீவு போட்டாக வேண்டும்.

முதல் நாள் லீவு போடுவதுதான் பழைய வழக்கம். மாமியார், ஓரகத்தி, நாத்தனார் என்று நான்கு பேர் ஒரே அடுப்படியில் நின்றபோது அது சரியாக இருந்தது. இப்போது கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு அடுப்படியில் இருவர் நின்றாலே இடிக்கும். காலையில் தேக்கா சந்தையில் கறிக்கு வரிசை, மதியம் பூவும் வாழையிலையும், மாலையில் முறுக்கு. லீவு போட்டவருக்கு நள்ளிரவுவரை வேலை, விடிகாலையில் எண்ணெய்க் குளியல். இதை ஓய்வு என்று சொல்லவே முடியாது.

அவசரம் பலகாரத்திலும் தெரியும். 4 கப் அரிசி மாவையும் 1 கப் உளுத்தம் மாவையும் ஒரேயடியாகப் பிசைந்து வைத்தால், கடைசி ஈடு சிவந்து எண்ணெய் குடிக்கும். உலர்ந்த மாவைக் கலந்து வைத்துக்கொண்டு, ஈடுக்கு ஈடு தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். சூடு ஆறுமுன் டின்னில் அடைத்தால் மறுநாளே நமுத்துவிடும்.

மறுநாள் லீவு போட வேண்டுமானால் வேலையை முன்னால் தள்ள வேண்டும். முறுக்கை இரண்டு வாரம் முந்திய சனிக்கிழமையே சுட்டுவிடலாம். காற்றுப் புகாத டின்னில் நிற்கும். ஆட்டுக்கறியை ஒரு வாரம் முன்பே வாங்கி, கிலோ கிலோவாகக் கட்டி உறைய வைத்து, முதல் நாள் காலையில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் போதும். வடைக்கு உளுந்தை மட்டும் இரவே ஊறப்போடக் கூடாது, வடை எண்ணெய் குடிக்கும். குளிக்க எழும்போது போட்டு, 2 மணி நேரத்தில் அரைத்துவிடலாம்.

பலன் பெரியது. தீபாவளியன்று கணவர் வீடு, மறுநாள் மனைவியின் அம்மா வீடு என்று இரண்டு பக்கமும் அவசரமில்லாமல் உட்கார்ந்து சாப்பிடலாம். ஒரே நாளில் இரண்டையும் அடைக்கும்போது பெரும்பாலும் பெண் வீடுதான் அரை மணி நேரத்தில் முடிந்துபோகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் தேர்வு மறுநாள்.

கிழமையையும் பார்க்க வேண்டும். 2024இல் வியாழனன்று வந்ததால், வெள்ளி லீவு போட்டவர்களுக்குத் தொடர்ந்து 4 நாள் கிடைத்தது. செவ்வாயன்று வந்தால் கணக்கு தலைகீழ்: திங்கள்தான் லாபம்.

தீபாவளியன்று வேலைக்கு வரச் சொன்னால் சட்டப்படி ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் கூடுதலாகத் தர வேண்டும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் வேறொரு நாளை விடுமுறையாக மாற்றிக்கொள்ளலாம். ஷிஃப்ட் அட்டவணை எழுதுமுன்பே மறுநாளைக் கேட்டு வாங்குங்கள்.

2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு, திங்களும் விடுமுறை. வாரம் ஐந்து நாள் வேலை செய்பவர்களுக்குச் சனியும் சேர்ந்துவிடுவதால் லீவே வேண்டாம், பொங்கலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு ஞாயிறு ஓய்வு நாளாக இருந்தால், வேறு நாளை முன்கூட்டியே அவரோடு பேசி முடிவுசெய்யுங்கள். 2023 முதல், மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது.