20,000 ரூபாய் போனை எந்த வழியில் வாங்கலாம்? நூற்றுக்கு எத்தனை வட்டி என்று ஒரு கணக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் யாரிடம் கடன் பேச்சை எடுத்தாலும் முதல் கேள்வி ‘நூத்துக்கு எத்தன வட்டி?’ என்பதுதான். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் நியாயம், இரண்டு என்றால் ஊர் வழக்கம், மூன்று என்றால் கஷ்ட காலம். படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். ஆனால் அதே ஆள் போன் கடைக்குள் நுழைந்துவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அங்கே பேச்செல்லாம் ‘மாசம் எவ்வளவு கட்டணும்’ என்பதோடு நின்றுவிடுகிறது. எனக்கு இதில் ரொம்ப நாளாக ஆதங்கம். வயலில் களை எடுத்தும் கம்பெனியில் ஷிப்ட் பார்த்தும் சேர்த்த காசு, கேட்காமல் விட்ட ஒரு கேள்வியால் ஆயிரம் இரண்டாயிரம் குறைந்துபோகிறது.

அதனால் எல்லா வழியையும் நம் ஊர்க் கணக்கிலேயே அளந்து பார்ப்போம். விலை ஒட்டியிருப்பது 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் 4,000 இருக்கிறது. மீதியை 8 மாதத்தில் அடைக்க வேண்டும். இங்கே வரும் விலைகளும் கட்டணங்களும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. கடைக்குக் கடை மாறும், போடும் முறை மாறாது.

ரொக்கம்

முதலில் கேட்க வேண்டியது ரொக்க விலை. தவணை பற்றி வாயே திறக்காமல், ‘கேஷ்னா, ஜிபேன்னா என்ன ரேட்டு தம்பி?’ என்று கேளுங்கள். வட்டியில்லாத் தவணைக்குக் கடன் கொடுக்கும் கம்பெனி சும்மா கொடுப்பதில்லை. வாங்குபவர் கட்டாத வட்டியைக் கடைக்காரரோ போன் கம்பெனியோ தன் லாபத்திலிருந்து விட்டுக்கொடுக்கிறது. கடைக்காரர் விட்டுக்கொடுக்கும் பங்கு, ரொக்கமாக வாங்கினால் அவர் கையிலேயே நிற்கும். அதில் கொஞ்சத்தைக் குறைக்க அவரால் முடியும். போன் கம்பெனியே முழுவதும் ஏற்றிருந்தால் குறையாது. கேட்டால்தான் தெரியும்.

நம் கணக்கில் 700 குறைத்து 19,300-க்குக் கொடுக்கிறார் என்று வைப்போம். இனிமேல் எல்லாவற்றையும் இந்த 19,300-ஓடுதான் ஒப்பிட வேண்டும், 20,000-ஓடு அல்ல. இந்த ஒரு இடத்தைக் கோட்டைவிட்டால் மற்ற எல்லாக் கணக்கும் தப்பாகிவிடும்.

கடையில் போடும் ஃபைனான்ஸ்

நம் இரண்டு மாவட்டத்திலும் இப்போது அதிகம் ஓடுவது இதுதான். 10 தவணை, தவணைக்கு 2,000. இரண்டு தவணையை முன்பணமாகக் கட்டிவிட வேண்டும், மீதி 8 மாதம். ‘வட்டியே இல்லக்கா’ என்பார் மேசைக்குப் பின்னால் இருக்கும் தம்பி. அதற்கு மேல் ஜிஎஸ்டியோடு சேர்த்து 599 ரூபாய் பிராசஸிங் கட்டணம்.

மொத்தம் கட்டுவது 20,599. ரொக்க விலையைவிட 1,299 கூடுதல். ரொக்க விலையில் முன்பணமும் கட்டணமும் போக, நிஜமாக நீங்கள் கடன் வாங்கியது 14,701 ரூபாய்தான். அதற்கு 8 மாதத்தில் 16,000 கட்டுகிறீர்கள். குறைந்துகொண்டே வரும் அசலுக்குப் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 23 சதவீதம் வருகிறது. நம் பேச்சில் சொன்னால், கிட்டத்தட்ட இரண்டு வட்டி. வட்டியில்லை என்ற பலகைக்குக் கீழே ஊர் வழக்க வட்டி ஓடுகிறது. ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில், பூஜ்ஜிய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று சொல்லியிருக்கிறது.

இரண்டு வட்டி என்பது கொள்ளை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்கு, நகை நட்டு இல்லாதவருக்கு இது ஒரு வழிதான். பிரச்சினை அதன் மேல் ஏறும் சில்லறைகளில் இருக்கிறது.

காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் அத்தை, மகள் கல்லூரிக்குப் போகிறாள் என்று கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் போன் வாங்கினார். நானும் கூடப் போயிருந்தேன். ஆதார், பாங்க் பாஸ்புக், முகத்துக்கு நேரே ஒரு போட்டோ, அப்புறம் வரிசையாக ஓடிபி. அத்தை கையில் இருந்தது பட்டன் போன். மேசையில் இருந்த தம்பி அதை வாங்கி, வரும் எண்களை அவரே படித்து அவரே அடித்துக்கொண்டிருந்தார். எந்த எண் எதற்கு என்று நான் கேட்ட பிறகுதான் சொன்னார்: ஒன்று கடனுக்கு, ஒன்று தவணை அட்டைக்கு (அடுத்து வாங்கும் பொருளுக்கும் தவணை போட உதவுவது), இன்னொன்று திரை உடைந்தால் வரும் இன்சூரன்ஸுக்கு. அத்தை இன்சூரன்ஸ் கேட்கவே இல்லை. ‘எல்லாருக்கும் போடறதுதான் சார்’ என்றார். வேண்டாம் என்று அழுத்திச் சொன்னதும் எடுத்துவிட்டார்.

அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தால்? அட்டைக்கு 530, இன்சூரன்ஸுக்கு 899 என்று வைத்துப் பாருங்கள். கூடுதல் செலவு 1,299-லிருந்து 2,728 ஆகிவிடுகிறது. மாத வட்டி நூற்றுக்கு நாலே கால் ரூபாயைத் தாண்டுகிறது, ஆண்டுக்கு 52 சதவீதம். இன்சூரன்ஸ் தேவைப்படுபவர்கள் உண்டு, கட்டட வேலைக்குப் போகிறவர், சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு. அவர்கள் தெரிந்து வாங்கட்டும். தெரியாமல் தலையில் கட்டுவதைத்தான் தடுக்க வேண்டும்.

இதற்குச் சட்டமே ஒரு கருவி கொடுத்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குக் கொடுக்கும் இந்த மாதிரிக் கடன்களுக்கு வங்கியும் ஃபைனான்ஸ் கம்பெனியும் கேஎஃப்எஸ் என்ற கடன் விவரத் தாளைக் கட்டாயம் தர வேண்டும். வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், விளக்கியும் சொல்ல வேண்டும். அதில் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் சதவீதத்தில் இருக்கும். அந்த எண்ணை 12-ஆல் வகுத்தால் நம் ‘நூத்துக்கு எத்தன’ வந்துவிடும். ஓடிபி சொல்வதற்கு முன்பு இந்தத் தாளைத் தமிழில் காட்டச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: நீங்கள் இழந்த ரொக்கத் தள்ளுபடி அந்தத் தாளில் வராது. நம் எடுத்துக்காட்டில் தாள் சுமார் 10 சதவீதம் என்று காட்டும், அந்த 700-ஐயும் சேர்த்தால்தான் 23 ஆகும்.

தேதியில் இருக்கும் கண்ணி

ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்க்கும் பிள்ளைகள் பலருக்குச் சம்பளம் ஏறுவது 7-ஆம் தேதிக்கு மேல். தவணை பிடிப்பதோ பெரும்பாலும் மாதத் தொடக்கத்தில். கணக்கில் பணம் இல்லையென்றால் கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம் போடுவார், வங்கி தன் பங்குக்கு ஒன்று போடும். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு தடவைக்கு 700, 800 போய்விட்டால், 2,000 ரூபாய்த் தவணைக்கு அது என்ன வட்டி என்று கணக்குப் போடவே மனசு வராது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும், நாளைக்கு வண்டிக் கடன் கேட்கும்போது அது தெரியும்.

கையெழுத்துப் போடும் முன்பே ‘எந்தத் தேதியில் பிடிப்பீங்க?’ என்று கேட்டு, சம்பளத்துக்குப் பின்னால் தள்ளி வைக்க முடியுமா பாருங்கள். முடியாது என்றால் ஒரு தவணைப் பணம் எப்போதும் கணக்கில் கிடக்கட்டும். தாமதத்துக்கு அபராதக் கட்டணம் போடலாம், ஆனால் அதை வட்டியாக்கி வட்டிக்கு வட்டி ஏற்றக் கூடாது என்று 2024 முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. தவணை அட்டவணையில் அப்படி ஏதாவது தெரிந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள்.

மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு இது இன்னும் சிக்கல். போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவருக்குக் காசு வருவது கோடையில்தான். பாலக்கோட்டுத் தக்காளி விவசாயிக்கு ஒரு மாதம் கை நிறையும், அடுத்த மாதம் பறிப்புக் கூலிக்கே கட்டாது. பட்டுக்கூடு போடுபவருக்கு தர்மபுரி அங்காடியில் ஏலம் முடிந்தால்தான் பணம். ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் ஒரே தொகை என்ற ஏற்பாடு இவர்கள் வருமானத்தோடு ஒட்டவே ஒட்டாது.

நகைக்கடன்

இவர்களுக்கு நான் சொல்வது வங்கி அல்லது கூட்டுறவுச் சங்க நகைக்கடன். ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால் நூற்றுக்கு மாதம் 83 காசு. ரொக்க விலையில் கையிருப்பு 4,000 போக 15,300 எடுத்து மாதாமாதம் குறைத்துக்கொண்டே வந்தால் 8 மாதத்துக்கு 574 ரூபாய் வட்டி. கடைசியில் மொத்தமாகக் கட்டினாலும் 1,020 தான். மதிப்பீட்டுக் கட்டணம் கொஞ்சம் சேரும். அப்படியும் கடை ஃபைனான்ஸைவிடக் குறைவு. மாங்காய்க் காசு வந்ததும் ஒரே நாளில் மீட்டுவிடலாம், இடையில் தேதி துரத்தாது. தங்கம் இப்போது விற்கும் விலைக்கு மூன்று கிராம் கம்மல் போதும்.

போனுக்காகக் கம்மலை வைப்பதா என்று வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, மீட்காமல் விட்டு நகை மூழ்கிப்போன வீடுகளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆகவே எந்த வருமானத்தில் மீட்கப் போகிறோம் என்று சொல்ல முடிந்தால் மட்டும் வையுங்கள். தனியார் அடகுக் கடைக்குப் போனால் இரண்டு, மூன்று வட்டி ஆகிவிடும். அங்கே இந்த லாபம் கிடையாது.

மகளிர் குழு

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-ல் தொடங்கியதே அன்றைய ஒன்றுபட்ட தர்மபுரி மாவட்டத்தில்தான், ஐநாவின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. இன்றும் குழுச் சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்கு ஒரு வட்டி, இரண்டு வட்டிக்கு உள்கடன் ஓடுகிறது. ஒரு வட்டிக்கு 15,300 எடுத்து 8 மாதத்தில் அடைத்தால் 690 ரூபாய்க்குள் முடியும். இரண்டு வட்டி என்றால் சுமார் 1,380, கடை ஃபைனான்ஸைவிடக் கொஞ்சம் கூட. ஆனாலும் நான் குழுவையே தேர்ந்தெடுப்பேன். அந்த வட்டி குழுவுக்குள்ளேயே நிற்கிறது, ஒரு மாதம் தடுமாறினால் பேசித் தீர்க்க ஆள் இருக்கிறது.

கிரெடிட் கார்டு

நிரந்தர வேலையில் இருந்து கார்டும் வைத்திருப்பவருக்கு இது பல நேரம் மலிவு. 6 மாத வட்டியில்லாத் தவணையில் வங்கி 16 சதவீதம் வட்டி போடும், அதே தொகையை விலையில் முன்கூட்டியே கழித்துவிடுவார்கள். ஆனால் அந்த வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டியை யாரும் கழிப்பதில்லை. 20,000-க்கு அது 162 ரூபாய். பிராசஸிங் 199-உம் அதற்கு ஜிஎஸ்டியும் சேர்த்தால் 235. ஆக 397. இழந்த ரொக்கத் தள்ளுபடி 700-ஐச் சேர்த்தால் 1,097, மாத வட்டிக் கணக்கில் 1 ரூபாய் 60 காசு. பண்டிகைக் கால விற்பனையில் கார்டுக்கென்று 1,100 ரூபாய்க்கு மேல் தள்ளுபடி கிடைத்தால் ரொக்கத்தையே இது வென்றுவிடும்.

ஒரே நிபந்தனை, மாதப் பில்லை முழுக்கக் கட்ட வேண்டும். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி வட்டி, அதற்கும் ஜிஎஸ்டி, ஆக நாலு வட்டிக்கு மேல். நண்பர் கார்டில் வாங்கி அவருக்கு மாதாமாதம் கொடுப்பதும் ஊரில் நடக்கிறது. காசைவிட நட்புதான் அதில் அதிகம் செலவாகிறது.

சீட்டும் தண்டலும்

போன் இன்னும் ஆறு மாதம் தாங்கும் என்றால் சீட்டு நல்ல வழி, கடைசிப் பக்கம் எடுப்பவருக்குக் கழிவு, அதாவது முன்னால் எடுப்பவர்கள் விட்டுக்கொடுக்கும் தொகையில் வரும் பங்கு, லாபம். முதல் மாதங்களிலேயே அதிகம் தள்ளி எடுத்தால் அது கடன்தான். கழிவு எவ்வளவு திரும்பி வரும் என்று முன்கூட்டித் தெரியாததால் வட்டியையும் சொல்ல முடியாது. பதிவு பெற்ற சீட்டா என்று பாருங்கள். 1982 சட்டப்படி நடக்கும் சீட்டில் நடத்துபவர் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

தண்டல் பக்கம் போகவே வேண்டாம். 10,000 என்று எழுதி 9,000 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூல். ‘பத்து பர்சன்ட்தானே’ என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் உண்மையில் அது ஆறு வட்டிக்கு மேல். கையில் 8,500 கொடுத்தால் கிட்டத்தட்ட பத்து வட்டி. 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. இவ்வளவு இருந்தும், ஃபைனான்ஸின் முன்பணத்துக்காக மட்டும் தண்டல் எடுப்பவர்களைப் பார்க்கிறேன். முன்பணமே கையில் இல்லையென்றால் போனின் விலையைத்தான் குறைக்க வேண்டும். 11,000, 12,000 ரூபாய்க்குப் பழைய போன் ரொக்கமாக வாங்கினால் வட்டிப் பேச்சே இல்லை. திருட்டுப் போனா என்று அறிய *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணை எடுத்து, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்து, கடைப் பில்லோடு வாங்குங்கள்.

ஃபைனான்ஸிலேயே வாங்கியவர்கள் கடைசித் தவணை முடிந்ததும் கடன் தீர்ந்ததற்கான என்ஓசியை எழுத்தில் வாங்கி வையுங்கள். தவணையைத் தானாகப் பிடித்துக்கொள்ள வங்கியில் கொடுத்த அனுமதியையும் ரத்து செய்துவிடுங்கள். தவணை அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் உண்டா என்று கேட்டு, உண்டு என்றால் அதையும் அப்போதே மூடச் சொல்லுங்கள்.