பழைய பாப்-அப் கேம்பருக்கு ஏசி: கூரையிலா, ஜன்னலிலா, தரையிலா?

டெக்சாஸில் ஜூலை மாதத்துப் பகல் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சாதாரணமாகத் தொடும். நம் கணக்கில் 38 செல்சியஸ். போன கோடையில் மதுரையிலிருந்து அம்மா வந்திருந்தபோது கார்னர் ஸ்டேட் பார்க்கில் ஃப்ரியோ ஆற்றங்கரையில் இரண்டு நாள் கூடாரம் போட்டோம். பகலெல்லாம் ஆற்றில் கிடந்த பிள்ளைகள் ராத்திரி புழுக்கத்தில் புரண்டுகொண்டே இருந்தார்கள். "நம்ம ஊர் மொட்டை மாடியில படுத்தாக்கூட கொஞ்சம் காத்து வருமேப்பா" என்று அம்மா முந்தானையால் பேரனுக்கு விசிறியபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தார். ஏசி வைத்த கேம்பர் வாங்கியே ஆவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பாப்-அப் கேம்பர் என்பது சக்கரம் வைத்த ஒரு தாழ்வான பெட்டி. கைப்பிடியைச் சுழற்றினால் கூரை மேலே எழும். இரண்டு பக்கமும் படுக்கைப் பலகைகளை இழுத்தால் துணிச்சுவர் விரியும். பெரும்பாலானவற்றின் எடை 1,500 முதல் 3,000 பவுண்டுக்குள் அடங்கும் என்பதால் 3,500 பவுண்டு இழுக்கிற மினிவேனே போதும். பழையதாகத் தேடினால் சில ஆயிரம் டாலருக்கே கிடைக்கும். ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் ஏசி இல்லாதவைதான் என் கண்ணில் பட்டன. இருக்கிறதை வாங்குவதா, வெறும் வண்டியை வாங்கி நாமே வைப்பதா என்று இரண்டு மாதம் அலைந்தேன்.

முதலில் கூரை ஏசி. எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான், நானும்தான். வழக்கமான அளவு 13,500 பிடியு (ஏசியின் குளிரூட்டும் திறனை அளக்கும் அலகு). 12,000 பிடியு ஒரு டன் என்றால் இது ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். கூரை நடுவில் இருக்கும் 14 அங்குலச் சதுரக் காற்றோட்டத் திறப்பைக் கழற்றிவிட்டு அதே ஓட்டையில் உட்கார வைத்துவிடலாம். தரையில் இடம் போகாது, பூங்காவில் இறங்கியதும் சுவிட்சைப் போட்டால் போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டியின் எடை 80 முதல் 100 பவுண்டு, சுமாராக 40 கிலோ. பாப்-அப் கூரை வீட்டுக் கூரை மாதிரி சுவரில் உட்கார்ந்திருப்பது இல்லை. நான்கு மூலைக் கம்பங்களும் ஒரு கம்பி வடமும் அதைத் தாங்குகின்றன. தாங்குசட்டம் இல்லாத கூரை வருடக்கணக்கில் நடுவில் தொய்ந்து, அந்தப் பள்ளத்தில் மழைநீர் தேங்கும். தூக்கும் பொறிக்கும் ஒவ்வொரு முறையும் கூடுதல் சுமை.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி, தொழிற்சாலையிலேயே ஏசிக்கென்று சட்டம் வைத்து வயர் இழுத்த வண்டியா என்பதுதான். உள்ளே பிரேக்கர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஏசிக்கென்று தனி 20 ஆம்ப் பிரேக்கர் இருக்க வேண்டும், வண்டிக்கு வரும் மின்கம்பியும் 30 ஆம்ப் தாங்குவதாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கூரை ஏசிதான், வேறு யோசனையே வேண்டாம். இல்லாத வண்டியில் சட்டம் அடித்து, வயர் மாற்றி, ஏசியும் வாங்கினால் சில சமயம் வண்டி விலையில் பாதி அதிலேயே போய்விடும்.

ஏசி ஏற்கெனவே பொருத்தியிருந்த வண்டி ஒன்றைப் பார்க்கப் போனேன். விற்றவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஏசியும் ஓடியது. ஏறி நின்று உள்கூரையின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். ஊறிய பிஸ்கட்டை அழுத்துவது போல விரல் உள்ளே போனது. ஏசியைச் சுற்றிய ரப்பர் வளையம் நைந்து, பல மழைக்காலத்துத் தண்ணீர் மரத்துக்குள் இறங்கியிருக்கிறது. ஏசி ஓடுகிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் அழுகிய கூரையை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

அடுத்து, தரையில் உருட்டி வைக்கும் போர்ட்டபிள் ஏசி. இதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. ஒற்றைக் குழாய் வகை, நாம் காசு கொடுத்துக் குளிர வைத்த காற்றையே எடுத்து வெளியே தள்ளுகிறது. போன காற்றுக்கு ஈடாக வெளியே இருக்கும் அனல் ஒவ்வொரு துணி மடிப்பு வழியாகவும் உள்ளே வரும். துணிச்சுவருக்கு மடிப்பா பஞ்சம்? அட்டைப்பெட்டியில் இரண்டு பிடியு எண் போட்டிருப்பார்கள்; பெரிய எழுத்தில் 14,000 என்று இருந்தால் அதன் பக்கத்திலேயே சிறிதாக பத்தாயிரத்துக்கும் குறைவாக ஒன்று இருக்கும். அந்தச் சின்ன எண்தான் உண்மைக்கு நெருக்கம். வெளிக்காற்றையே இழுத்து வெளியே தள்ளும் இரட்டைக் குழாய் வகை பரவாயில்லை. ஆனால் 30 கிலோ பெட்டியை ஒவ்வொரு பயணத்துக்கும் ஏற்றி இறக்கி, நடக்கவே இடமில்லாத தரையில் வைக்க வேண்டும். தண்ணீரைக் காற்றில் ஆவியாக்கும் கூலர் வறண்ட மேற்கு டெக்சாஸில் வேலை செய்யும். ஹூஸ்டன் பக்கத்துப் பிசுபிசுப்பில் இன்னும் புழுக்கத்தைத்தான் கூட்டும்.

கடைசியில் நான் வாங்கியது ஏசியே இல்லாத, கூரை காய்ந்து கெட்டியாக இருந்த 2004 மாடல். அதற்கு 8,000 பிடியு ஜன்னல் ஏசி. வீட்டுக்கு வாங்கும் அதே சாதாரணப் பெட்டிதான். 25 கிலோ பக்கம், ஓடும்போது 700 வாட் அளவுக்கு இழுக்கும். 13,500 பிடியு கூரை ஏசி இதைப்போல இரண்டு மடங்கு இழுக்கும், கம்ப்ரெஸர் கிளம்பும் நொடியில் இன்னும் பல மடங்கு. 1,800 வாட் தொடர்ந்து தரும் சின்ன ஜெனரேட்டரில் என் பெட்டி நிம்மதியாக ஓடும். கூரை ஏசியை அதில் ஓட்ட, கிளம்பும் இழுப்பைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஒன்றும் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

எங்கே வைத்தேன் என்றால், பிள்ளைகள் படுக்கும் பலகையின் ஓரத்தில் ப்ளைவுட்டில் ஒரு சின்ன மேடை. துணி ஜன்னலின் ஜிப்பைத் திறந்து ஏசியின் முதுகை வெளியே நீட்டி, மீதி இடைவெளியை நுரைப் பலகையை வெட்டி அடைத்தேன். பின்பக்கம் லேசாகச் சாய்வு இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டும். படுக்கை நீளத்தில் ஒன்றரை அடி போனது. பிள்ளைகள் குறுக்காகப் படுத்துக்கொள்கிறார்கள்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கேம்பரின் அலமாரிக்குள் ஓட்டை போட்டு ஏசியைச் சொருகிவிடுவார்கள். ஜன்னல் ஏசியின் இரண்டு பக்கவாட்டிலும் பிளவுகள் இருக்கும்; வெளிக்காற்றை அது அவற்றின் வழியாகத்தான் இழுக்கிறது. அவற்றை மரத்தால் மூடினால் தன் சூட்டையே திரும்ப இழுத்து கம்ப்ரெஸர் திணறி நின்றுவிடும். அலமாரிக்குள்தான் வேண்டுமென்றால், சுவருக்குள் பதிக்கவென்றே முதுகு வழியாக மட்டும் மூச்சுவிடும் வகை இருக்கிறது, அதை வாங்க வேண்டும். விலை கூடுதல். வண்டி ஓடும்போது ஜன்னல் ஏசியை இறக்கித் தரையில் நேராக வைத்துக் கட்டிவிடுவதும் முக்கியம். குலுக்கலில் செப்புக் குழாய் விரிசல் விட்டால் வாயு போய்விடும்.

எந்த ஏசியாக இருந்தாலும் படுக்கைகளுக்கு மேலிருக்கும் துணிக்கூரை வழியாக வெயில் இறங்கிக்கொண்டே இருந்தால் தோற்றுவிடும். இரண்டு படுக்கைகளுக்கு மேலும் வெள்ளி நிறப் பிரதிபலிப்பு விரிப்பைப் போட்டு கிளிப்பால் மாட்டுகிறேன். மதியம் இரண்டு மணிக்கு உள்ளிருந்து துணியைத் தொட்டுப் பாருங்கள். விரிப்பு இல்லாத இடம் தோசைக்கல் ஓரம் மாதிரி சுடும், விரிப்புக்குக் கீழே கை வைத்தால் வெதுவெதுப்போடு சரி. பெரிய ஏசிக்குச் செலவழிக்கும் முன் இந்த விரிப்பை வாங்குங்கள்.

இந்த ஜூனில் இன்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க்கில், மின்சாரம் உள்ள இடமாகப் பார்த்து முன்பதிவு செய்து போனோம். பகல் மூன்று மணிக்கு உள்ளே 84 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கவில்லை. கூரை ஏசி இருந்தால் இன்னும் சில டிகிரி இறங்கியிருக்கும், மறுக்கவில்லை. ராத்திரி ஒன்பதுக்கு மேல் 74. நடுராத்திரியில் கம்ப்ரெஸர் தானே நின்று நின்று ஓடியது. மூன்று மணி வாக்கில் அம்மா என்னை எழுப்பினார். "இன்னொரு போர்வை இருந்தா எடுப்பா, புள்ளைக்குக் குளிருது."